வர்ஜிலின் வரிகளில் வர்ஜில் சொல்லாத கதைகள்

கேள்வி இது: "லத்தீனில் சிலர் சொந்தமாக ஒரு சொல்கூட எழுதாமல், வர்ஜிலின் வரிகளை மட்டும் வெட்டி ஒட்டி நார்சிசஸ், மெடேயா போன்ற கிரேக்கக் கதைகளைப் பாடினார்களாமே. அது வெறும் சொல் விளையாட்டுத்தானே? அதை ஏன் இன்னும் உட்கார்ந்து படிக்கிறார்கள்?"

விளையாட்டுத்தான். அதை ஆடியவர்களே அப்படித்தான் சொல்லிக்கொண்டார்கள். ரோமின் பெருங்கவி வர்ஜிலின் வரிகளை இப்படி ஒட்டிச் செய்த பாட்டுக்குச் சென்டோ என்று பெயர். ஆனால் வெட்டி எடுத்த வரி தன் பழைய வீட்டை மறந்துவிட்டு வருவதில்லை. புதுக் கதையில் உட்கார்ந்துகொண்டே பழைய கதையையும் முணுமுணுக்கும். அந்த முணுமுணுப்பு காதில் விழுந்தால்தான் இந்தப் பாட்டுகளில் சுவை. வரலாறு பிறகு இருக்கட்டும், முதலில் ஒரு பாட்டைப் பிரித்துக் காட்டுகிறேன்.

தண்ணீரில் தெரிந்த தன் உருவத்தையே காதலித்து அழிந்த நார்சிசஸ் பற்றிய பாட்டு 16 வரிதான். எழுதியவர் பெயர் தெரியாது. முதல் வரி 'கண்டிடா பெர் சில்வம் ப்ரிமாய்வோ ஃப்ளோரே யுவெந்துஸ்'. 'காட்டினூடே வெண்மையாய் ஒளிரும், முதற்பருவ மலர்ச்சியில் நிற்கும் இளமை' என்று பொருள் கொள்ளலாம். அழகன் காட்டுக்குள் வருகிறான், கதைக்குப் பொருத்தமான தொடக்கம். இப்போது அந்த வரியின் முன்பாதி எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். ஈனியஸ் என்ற வீரனைப் பாடும் வர்ஜிலின் காவியம் ஈனியட், அதில் எட்டாம் புத்தகம், 82ஆம் வரி. அங்கே காட்டில் வெள்ளை வெளேரென்று கிடப்பது ஒரு பன்றி. முப்பது குட்டிகள் ஈன்ற தாய்ப்பன்றி. ஈனியஸுக்குத் தெய்வம் காட்டிய அடையாளம். வர்ஜில் அந்த வாக்கியத்தை வேண்டுமென்றே இழுத்து, 'பன்றி' என்ற ஓரசைச் சொல்லை அடுத்த வரியின் கடைசியில்தான் வைத்திருக்கிறார். நம் ஆள் பன்றி வந்து சேர்வதற்கு முன்பே கத்தரியைப் போட்டுவிட்டார்!

பின்பாதி ஏழாம் புத்தகம், 162ஆம் வரி. லத்தீனஸ் மன்னனின் நகருக்கு வெளியே குதிரைப் பயிற்சி செய்யும் இளைஞர் கூட்டத்தைச் சொல்வது. அங்கே 'யுவெந்துஸ்' ஒரு படை, இங்கே ஒற்றை ஆள். சொல் ஒன்றே, இலக்கணம்கூட மாறவில்லை, எண்ணிக்கை மட்டும் கரைந்துபோயிற்று.

அடுத்த வரியில் 'ஓயாமல் அங்கே வந்துகொண்டிருந்தான்' என்கிறது பாட்டு. இது வர்ஜிலின் ஆயர் பாடல்களில் இரண்டாவதிலிருந்து எடுத்தது. அங்கே வருபவன் கோரிடோன் என்ற ஆயன். அலெக்சிஸ் என்ற இளைஞன் மேல் ஒருதலைக் காதல் கொண்டு, தினமும் மரக்கூட்டத்துக்குள் வந்து தனியாகப் புலம்புகிறவன். அதே பாடலில் சற்றுத் தள்ளிக் கோரிடோன் சொல்வான்: நான் ஒன்றும் அவலட்சணமானவன் இல்லை, அண்மையில் கடல் காற்றில்லாமல் அடங்கிக் கிடந்தபோது கரையில் என்னையே பார்த்தேன் என்று. தண்ணீரில் முகம் பார்த்த காதலன்! அந்த இடத்தை வெட்டி எடுக்கவில்லை, பக்கத்து வரியைத்தான் எடுத்திருக்கிறார். ஆனால் வர்ஜில் மனப்பாடமாக இருக்கும் ஆளுக்கு அந்தக் கடல்நீரும் சேர்ந்தே நினைவுக்கு வரும்.

இன்னும் இரண்டு வரி போனால், எனக்கு இந்தப் பாட்டிலேயே மிகப் பிடித்த துண்டு: 'லோங்கும்க்வே பிபேபத் அமோரெம்', நெடுங்காதலைப் பருகிக்கொண்டிருந்தான். ஈனியட் முதல் புத்தகத்தின் முடிவில், விருந்தில் ஈனியஸ் பேசுவதைக் கேட்டபடி காதலைப் பருகுகிறவள் கார்த்தேஜ் அரசி டைடோ. அங்கே 'பருகுதல்' உருவகம். கையில் மதுக்கிண்ணம், உள்ளே இறங்குவது காதல். இங்கே அவன் சுனைக்கரையில் தாகத்தோடு குனிந்திருக்கிறான். அதே சொல் நேர்ப்பொருளாகிவிட்டது. கூடவே, ஈனியஸ் பிரிந்துபோனதும் அந்தப் பருகல் டைடோவைத் தற்கொலையில் கொண்டுபோய் விட்டது என்பதும் வாசகனுக்குத் தெரியும். நார்சிசஸின் முடிவைப் பாட்டு சொல்வதற்கு முன்பே டைடோ சொல்லிவிடுகிறாள்.

இதை எப்படிச் செய்ய முடிந்தது? முதல் காரணம் யாப்பு. வர்ஜில் எழுதியது எல்லாம் ஒரே பாவகை: வரிக்கு ஆறு சீர், ஒவ்வொரு சீரும் ஒரு நெடிலசையும் இரு குறிலசையும், அல்லது இரண்டு நெடிலசை. வரியின் நடுவே, பெரும்பாலும் மூன்றாம் சீருக்குள், ஒரு சொல் முடிந்து மூச்சு நிற்கும். அந்த நிறுத்தம் இரண்டு வரிகளில் ஒரே இடத்தில் விழுந்தால் ஒன்றின் முன்பாதியையும் மற்றதன் பின்பாதியையும் கோத்துவிடலாம். எல்லா ரயில் பெட்டிக்கும் ஒரே அளவுக் கொக்கி இருப்பது மாதிரி. ஈனியட் மட்டும் ஏறத்தாழ 9,900 வரி. ஆயர் பாடல்களும் உழவுப் பாடல்களும் தனி. பெட்டிக்குப் பஞ்சமில்லை.

இரண்டாவது, நினைவு. ரோமப் பேரரசின் பள்ளிகளில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய பையனுக்கு வர்ஜில்தான் பாடம். பொம்பேயில், கி.பி. 79இல் எரிமலைச் சாம்பல் மூடிய சுவர்களில், ஈனியட்டின் முதல் சொற்களைப் பலர் கிறுக்கி வைத்திருக்கிறார்கள். ஒருவன் அதைத் திருப்பிப் போட்டு, 'வெளுப்பவர்களையும் ஆந்தையையும் பாடுகிறேன், போரையும் வீரனையும் அல்ல' என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறான். வடக்கு ஆப்பிரிக்காவின் கிறிஸ்தவ அறிஞர் புனித அகஸ்டின் தன் நண்பர் சிம்ப்ளிசியஸ் பற்றிச் சொல்வது இன்னும் வியப்பு. வர்ஜிலின் ஒவ்வொரு புத்தகத்திலும் கடைசிக்கு முந்தைய வரி என்ன என்று கேட்டால் தடுமாறாமல் சொல்வாராம். பின்னிருந்து முன்னாக ஒப்பிக்கச் சொன்னாலும் ஒப்பிப்பாராம். இப்படிப்பட்டவர்கள் கூடியிருந்த அவையில் இந்த விளையாட்டு முளைக்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

சென்டோ என்ற பெயருக்கு வருவோம். லத்தீனில் நூறைக் குறிக்கும் 'சென்டும்' என்ற சொல்லோடு இதற்குத் தொடர்பில்லை, பலர் அப்படி நினைத்துக்கொள்கிறார்கள். சென்டோ என்றால் பழந்துணித் துண்டுகளைச் சேர்த்துத் தைத்த ஒட்டுப்போர்வை. ஏழைகளுக்குப் போர்வை, தீயணைப்பவர்களுக்கு நனைத்துப் போடும் கம்பளி. சீசரின் படைவீரர்கள் அம்புக்குப் பயந்து இதை மேலே மாட்டிக்கொண்டதாக அவரே எழுதியிருக்கிறார். பாட்டுக்கு இந்தப் பெயரை வைத்தவர்களுக்குத் தங்களைப் பற்றிப் பெரிய எண்ணம் இருந்திருக்காது.

விளையாட்டுக்கு விதி சொன்னவர் அவுசோனியஸ். இன்றைய பிரான்சின் போர்தோ ஊரில் ஆசிரியராக இருந்து, இளவரசன் கிரேஷியனுக்குப் பாடம் சொல்ல அரண்மனைக்குப் போனவர். கிரேஷியனின் தந்தை பேரரசர் முதலாம் வாலண்டினியன் தானே ஒரு திருமண சென்டோ எழுதிவிட்டு, 'நீரும் ஒன்று எழுதும்' என்றாராம். தர்மசங்கடம்தான். நன்றாக எழுதினால் அரசனை மிஞ்சிய திமிர், வேண்டுமென்றே மோசமாக எழுதினால் அசட்டு முகத்துதி. இரண்டுக்கும் நடுவே ஒரு பகலும் இரவில் விளக்கொளியில் கொஞ்ச நேரமும் செலவழித்து 131 வரி எழுதி முடித்ததாகச் சொல்கிறார்.

அதன் முன்னுரையில்தான் விதிகள் இருக்கின்றன. வெவ்வேறு இடத்துப் பாதிகளைச் சேர்த்து ஒரு வரி ஆக்கலாம். ஒரு முழு வரியோடு அடுத்ததன் பாதியை எடுத்து, மீதியை வேறிடத்துப் பாதியால் நிரப்பலாம். அடுத்தடுத்த இரண்டு முழு வரிகளை அப்படியே தூக்கி வைப்பது கையாலாகாத்தனம், மூன்று வைத்தால் சுத்தப் பிதற்றல். உவமைக்கு ஒரு பொம்மை விளையாட்டைச் சொல்கிறார்: பதினான்கு எலும்புத் துண்டுகள், முக்கோணமும் நாற்கோணமுமாக. கைதேர்ந்தவன் அடுக்கினால் யானை வரும், காட்டுப்பன்றி வரும், பறக்கும் வாத்து வரும். தெரியாதவன் அடுக்கினால் சிரிப்புத்தான் வரும். சிதறியதைப் பொறுக்கி, கிழிந்ததை முழுதாக்கும் நினைவாற்றல் வேலை இது, பாராட்டுவதைவிடச் சிரிப்பதற்கே உரியது என்று தன் பாட்டையே குறைத்துப் பேசுகிறார். அந்தப் பாட்டின் கடைசிப் பகுதி முதலிரவு. கண்ணிழந்த ஒற்றைக்கண் அரக்கனைப் பற்றிய 'கோரமான, உருவமற்ற, பெரும் பூதம்' என்ற புகழ்பெற்ற வரி அங்கே எதைக் குறிக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

விதியில் எழுதாத ஒரு முட்டுக்கட்டை உண்டு: பெயர். வர்ஜிலில் இல்லாத பெயரைக் கதையில் சொல்ல முடியாது. கைவிட்ட கணவன் ஜேசனைப் பழிவாங்கத் தன் பிள்ளைகளையே கொன்ற மெடேயாவின் பெயர் வர்ஜிலில் கிடையாது. ஆயர் பாடல் எட்டில் 'பிள்ளைகளின் இரத்தத்தால் கையைக் கறைப்படுத்தத் தாய்க்குக் கற்றுக்கொடுத்த கொடிய காதல்' என்று சுற்றிவளைத்துத்தான் வரும். நார்சிசஸ் உண்டு, ஆனால் பூவாக மட்டும். யூரோப்பா உண்டு, கண்டமாக மட்டும். ஹெர்குலிஸ் கதை எழுதினவனுக்கு அதிர்ஷ்டம், ஈனியட்டிலேயே அவன் வருகிறான். மற்றவர்கள் 'அவன்', 'அழகில் சிறந்தவன்', 'அரசி' என்று தலைப்பை நம்பியே கதையை ஓட்ட வேண்டும். நான்காம் நூற்றாண்டில் புரோபா என்ற ரோமப் பெருமாட்டி இதே முறையில் விவிலியத்தின் படைப்புக் கதையையும் கிறிஸ்துவின் வாழ்வையும் 694 வரியில் பாடியபோது அவருக்கும் இதே சிக்கல். இயேசு என்ற பெயரே இல்லாத இயேசு கதை அது.

இனி மெடேயா. கிடைத்திருக்கும் சென்டோக்களில் இதுதான் பெரிய சாதனை என்பது என் எண்ணம். 461 வரியில் முழு நாடகம். எழுதியவர் ஹொசிடியஸ் கேட்டா. கி.பி. 200ஐ ஒட்டி கார்த்தேஜ் நகரில் எழுதிக்கொண்டிருந்த கிறிஸ்தவ ஆசிரியர் டெர்டுல்லியன் இவர் பெயரைச் சொல்கிறார், 'மெடேயா நாடகத்தை வர்ஜிலிலிருந்து முழுக்க உறிஞ்சி எடுத்துவிட்டார்' என்று. பாராட்டாகச் சொல்லவில்லை. வேதத்தை வெட்டி ஒட்டித் தங்கள் கொள்கைக்கு வளைப்பவர்களைத் திட்ட ஓர் உதாரணம் தேவைப்பட்டது, அவ்வளவுதான். தன் உறவினர் ஒருவரும் இந்தப் பொழுதுபோக்கில் இறங்கியிருந்ததை அதே இடத்தில் சொல்லிக்கொள்கிறார்.

நாடகத்தில் பாத்திரங்கள் முழு வரியில் பேசுவார்கள். குழுப்பாடல் வரும்போது மட்டும் வரிகளின் பின்பாதிகளே அடுக்கடுக்காக வரும். அதனால் ஓசை மாறி, பேச்சு நின்று பாட்டு தொடங்கியதுபோல் கேட்கும். ஒரே பாவகையை வைத்துக்கொண்டு இரண்டு ஓசை வாங்கிய இந்தத் தந்திரத்துக்கே ஒரு கைதட்டல் கொடுக்கலாம்.

ஆனால் விஷயம் தொடக்கத்தில் இருக்கிறது. மெடேயா மேடைக்கு வந்து சொல்லும் முதல் வரி: 'வேண்டிக்கொள்ளும் எனக்குக் கதிரவனும் இந்த மண்ணும் சாட்சியாகட்டும்.' ஈனியட் பன்னிரண்டில், எதிரி டர்னஸோடு தனிப்போர் என்று உடன்படிக்கை செய்யும்போது ஈனியஸ் எடுக்கும் உறுதிமொழி இது. அந்த உடன்படிக்கை சற்று நேரத்திலேயே உடைகிறது. உறுதி சொல்லி உடைத்தவன் மேல் குமுறும் பெண் வாயில் அந்த வரி. அதோடு, ஈனியஸுக்குக் கதிரவன் வெறும் சாட்சி. மெடேயாவுக்கோ கதிரவன் தாத்தா, அவள் தந்தை ஈயீட்டஸ் சூரியனின் மகன். கடன் வாங்கிய வரி சொந்தக்காரனைவிடக் கடன் வாங்கியவளுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது.

இரண்டாம் வரியில் பழிவாங்கும் தெய்வங்களை அழைக்கிறாள். அந்தத் துண்டு நான்காம் புத்தகம். சாகும் முன் டைடோ ஈனியஸைச் சபிக்கும் இடம். அடுத்தது, 'உன்னிடம் அடைக்கலம் வருகிறேன்'. டைடோவைக் காதலில் தள்ளுவதற்காக வீனஸ் தன் மகன் மன்மதனிடம் கெஞ்சும் சொல் அது. அதோடு ஒட்டிய பாதி, 'நெறி வகுப்பது நீ என்கிறார்கள்'. விருந்தில் கிண்ணத்தை உயர்த்தி, இந்த நாள் இரு குலத்துக்கும் நல்ல நாளாக இருக்கட்டும் என்று டைடோ வேண்டும்போது விருந்தோம்பலின் தெய்வமான ஜூபிடரைப் பார்த்துச் சொன்னது. மெடேயா அதைத் திருமணத்தின் தெய்வமான ஜூனோவிடம் திருப்புகிறாள். மூன்று வரிக்குள் டைடோவின் கதை முடிவிலிருந்து தொடக்கத்துக்கு ஓடிவிட்டது: சாபம், சூழ்ச்சி, விருந்து.

இது தற்செயல் இல்லை என்று நம்ப ஒரு நல்ல காரணம் இருக்கிறது. டைடோவை வர்ஜில் எதிலிருந்து செய்தார்? மெடேயாவிலிருந்து. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் ரோட்ஸ் அப்பல்லோனியஸ் கிரேக்கத்தில் பாடிய ஆர்கோ கப்பல் காவியத்தில், அன்னியன் ஜேசனைக் கண்டு தூக்கமில்லாமல் தவிக்கும் இளம் மெடேயாதான் டைடோவின் முன்மாதிரி. இது இன்றைய ஆய்வாளர்களின் கண்டுபிடிப்பு இல்லை. வர்ஜிலுக்கு உரை எழுதிய செர்வியஸ் நான்காம் புத்தகத்தின் தொடக்கத்திலேயே அதைப் போட்டு உடைக்கிறார், பழைய லத்தீன் எழுத்தாளர் மக்ரோபியஸும் அதையே சொல்கிறார். ஆக வர்ஜில் மெடேயாவின் நகைகளைக் கழற்றி டைடோவுக்குப் போட்டார். கேட்டா அவற்றை டைடோவிடமிருந்து கழற்றி மெடேயாவுக்கே திரும்பப் போடுகிறார். இடையில் அந்த நகைகளில் டைடோவின் வியர்வையும் ஏறியிருக்கிறது. யூரிபிடிஸ், செனெகா எழுதிய மெடேயாக்களில் இல்லாத ஒரு சாயல் இதில் வருவது அதனால்தான். அவள் கோபப்படும்போதெல்லாம், கொல்லப்போகிறவள் குரலுக்குள் தற்கொலை செய்துகொண்டவள் குரல் கேட்கும்.

வடக்கு ஆப்பிரிக்காவில் இதற்குக் கூடுதல் கனம் உண்டு. டைடோ அந்த ஊர்க்காரி. அகஸ்டின் தன் பள்ளிநாளில் டைடோ செத்ததற்காக அழுதேன் என்று வெட்கத்தோடு எழுதியிருப்பது தெரிந்த செய்தி.

இந்த நாடகமும் நான் மேலே சொன்ன நார்சிசஸும் நமக்குக் கிடைத்தது ஒரே சுவடியில்: கி.பி. 800ஐ ஒட்டி எழுதப்பட்டு, இப்போது பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கும் சல்மாசியஸ் சுவடி. 17ஆம் நூற்றாண்டு அறிஞர் சல்மாசியஸ் கையில் இருந்ததால் அந்தப் பெயர். ஜெர்மானிய இனத்தாரான வாண்டல் அரசர்கள் ஆண்ட ஆப்பிரிக்காவில் தொகுக்கப்பட்ட பாடல்கள் நிறைய உள்ள தொகுப்பு அது, அதில் சென்டோ மட்டும் பன்னிரண்டு. பாரிஸின் தீர்ப்பு, ஹெர்குலிஸும் ஆன்டியஸும், யூரோப்பா, அல்செஸ்டிஸ், ஹிப்போடமியா என்று பெரும்பாலும் கிரேக்கக் கதைகள். நடுவே ரொட்டி சுடுவதைப் பற்றிக்கூட ஒன்று இருக்கிறது, காவிய வரிகளில் மாவு பிசைகிறார்கள். எல்லாம் ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். அல்செஸ்டிஸும் ஹிப்போடமியாவும் ஆளுக்கு 162 வரி, பல இடங்களில் கதையை நகர்த்தும் அவசரம் மட்டுமே தெரிகிறது. சின்னவைதான் நன்றாக இருக்கின்றன. ப்ராக்னியும் ஃபிலொமேலாவும் பற்றிய பாட்டைப் படிக்கும்போது மட்டும் எனக்கு ஓர் எண்ணம் வராமல் இருப்பதில்லை: நாக்கறுக்கப்பட்ட ஃபிலொமேலா தன் கதையைத் துணியில் நெய்து அக்காவுக்கு அனுப்பினாள், அவளைப் பாடும் பாட்டின் வகைக்கே துணியின் பெயர். எழுதியவர் இதை நினைத்தாரோ என்னவோ.

இது திருட்டு இல்லையா என்றும் கேட்கலாம். நம்மிடம் சிவஞான முனிவரின் சோமேசர் முதுமொழி வெண்பா இருக்கிறது: பின்னிரண்டு அடியில் ஒரு குறள் அப்படியே, முன்னிரண்டு அடியில் அதற்கொரு கதை. அங்கே குறள் குறளாகவே, அதே பொருளோடு நிற்கிறது. சென்டோவில் சொந்த அடியே கிடையாது, பொருளும் பெயர்ந்துவிடுகிறது. அப்படியும் திருட்டு என்று சொல்ல முடியவில்லை, ஏனென்றால் திருடன் பொருளை மறைப்பான். இவனுக்கோ வாசகன் கண்டுபிடித்தால்தான் வெற்றி. வர்ஜிலையே ஹோமரிடம் திருடியவர் என்று தூற்றினார்கள். ஹெர்குலிஸ் கையிலிருந்து தடியைப் பறிப்பதைவிட ஹோமரிடமிருந்து ஒரு வரியைப் பறிப்பது கடினம், முயன்று பாருங்கள் என்று அவர் பதில் சொன்னதாக அவருடைய பழைய வாழ்க்கை வரலாறு கூறுகிறது.

சென்டோக்களை வெறுத்தவர்களும் இருந்தார்கள். புனித ஜெரோம் இவற்றைச் சிறுபிள்ளைத்தனம், தெருவித்தைக்காரன் வேடிக்கை என்று ஒதுக்கினார். ஆனால் எப்படிப் படிக்க வேண்டும் என்பதை மிகத் தெளிவாகச் சொன்னவரும் ஒரு எதிராளிதான். இரண்டாம் நூற்றாண்டில் லியோன் நகரின் கிறிஸ்தவ ஆயர் (பிஷப்) இரேனியஸ், ஹெர்குலிஸ் பாதாளத்துக்குப் போகும் கதையை ஹோமரின் பத்து வரிகளால் ஒட்டிய கிரேக்கப் பாட்டு ஒன்றைக் காட்டுகிறார். ஹோமரைத் தெரியாதவன் இதை ஹோமரே பாடியது என்று ஏமாந்துபோவான். தெரிந்தவன் வரிகளை அடையாளம் காண்பான், கதையை ஏற்கமாட்டான். இந்த வரி ஒடிசியஸைப் பற்றியது, இது டிராய் மன்னன் பிரியமைப் பற்றியது என்று ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் திருப்பி வைப்பான் என்கிறார். அவர் அதை மோசடியைப் பிடிக்கும் வழியாகச் சொன்னார். சென்டோவைச் சுவைப்பவன் செய்யும் வேலையும் அச்சுப் பிசகாமல் அதுவேதான்.

நீங்கள் படிக்க நினைத்தால் நார்சிசஸில் தொடங்குங்கள், 16 வரிக்கு ஒரு மாலை போதும். ஒவ்வொரு பாதிக்கும் வர்ஜிலில் எந்த இடம் என்று ஓரத்தில் குறித்த பதிப்பாகப் பாருங்கள். அது இல்லாமல் படித்தால் சுமாரான ஒரு லத்தீன் பாட்டாகத்தான் தெரியும். மெடேயாவை அதற்குப் பிறகு எடுக்கலாம், ஈனியட் நான்காம் புத்தகத்தைப் படித்த சூடு ஆறுவதற்குள்.